மூன்றாவது வட்டம்

மீமிசலில் உள்ள அந்த இறால் கம்பெனிக்கு நான் முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அறந்தாங்கியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கேமரா மாட்டுவது, கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வைஃபை போட்டுக் கொடுப்பது, இதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. கம்பெனி முதலாளி போனில் கூப்பிட்டு, "தம்பி, நம்ம எடத்துல வைஃபை ஆபீஸ் ரூம் வாசலோட நின்னு போவுது. வந்து ஒரு வழி பண்ணுங்க" என்றார். அவரை எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

படகில் வந்து இறங்கும் இறாலையும் கணவாயையும் தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, உறைய வைத்து லாரியில் ஏற்றுவது அவர்கள் தொழில். வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டி, எந்தப் படகில் எந்த நாளில் வந்தது என்று ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் செய்யும் கருவி கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒன்று. அதற்கு எங்கே போனாலும் வைஃபை கிடைக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்ததோ வீட்டுக்குப் போடுகிற ஒற்றை ரவுட்டர்.

"ரவுட்டர மாத்தி பிரயோசனம் இல்ல பாய். ஆக்சஸ் பாயிண்ட் போடணும்" என்றேன்.

அப்படி என்றால் என்ன என்று கேட்டார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மேலே ஒட்டிய மாதிரி ஒரு வெள்ளை டப்பா, ஒரே கேபிளில் அதற்கு மின்சாரமும் இணையமும் போகும், சுற்றிலும் நாற்பது ஐம்பது அடிக்கு அது சிக்னலைப் பரப்பும், இடத்துக்குத் தக்கபடி எத்தனை வேண்டுமோ அத்தனை மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். எத்தனை, எங்கே, எந்த வகை என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை. அதற்கு இடம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும்.

என்னோடு நடக்க முதலாளி ஒருவரை அனுப்பினார். உறைந்த பெட்டிகளை வைக்கும் குளிர் அறைக்கு, அவர்கள் சொல்கிற கோல்டு ரூமுக்கு, பொறுப்பு அவர்தான். ஊர் ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். நாற்பதைத் தாண்டியிருப்பார். வெளியே வெயில் கொளுத்தும்போதும் நெற்றி வரை இறக்கிய கம்பளித் தொப்பி. காலையில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்து, சாயங்காலம் வரை மைனஸ் பதினெட்டு டிகிரிக்கும் மீமிசல் வெயிலுக்கும் மாறி மாறிப் போய்வருகிற மனிதர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றார். நான் அவரை அண்ணே என்றேன்.

தகரக் கூரை போட்ட பிரிப்புக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்று போட்டால் போதும். அலுவலகத்தின் வெளிச்சுவரில், லாரி நிற்கும் முற்றத்தைப் பார்த்த மாதிரி இன்னொன்று. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் அதற்கு பிளாஸ்டிக் உடம்பும் துருப்பிடிக்காத பட்டையும் உள்ள வகை. இரண்டையும் என் தாளில் வட்டமாக வரைந்துகொண்டேன்.

கோல்டு ரூம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கனமான கதவு. சுவர் முழுக்க இரண்டு பக்கமும் தகடு, நடுவில் நுரை. தகட்டைத் தாண்டி சிக்னல் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக, அந்த அண்ணனின் எண்ணை என் போனில் பதிந்துகொண்டு, அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போகச் சொன்னேன். கதவு சாத்தியதும் அவர் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. ஒரு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தேன். தொப்பியில் பூத்த வெண்மையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார்.

"உள்ள ஒண்ணு மாட்டிருங்க சார். கதவச் சாத்திட்டா ஒலகமே இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாவது வட்டத்தை அங்கே வரைந்தேன்.

அலுவலகத்தில் முதலாளி தாளைப் பார்த்தார். "கோல்டு ரூமுக்குள்ள எதுக்கு தம்பி? உள்ள வைஃபை வந்துச்சுன்னா செல்லப் பாத்துக்கிட்டே நிப்பானுங்க. வாசல்லயே ஸ்கேன் பண்ணிட்டு உள்ள ஏத்தச் சொல்லிர்றேன்" என்றார்.

அதில் தப்பு சொல்ல முடியாது. வாசலில் ஸ்கேன் செய்தாலே அவர்கள் வேலை நடக்கும். ஆனால் நான் சரி என்று தலையாட்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. என் கடையில் இருந்த வகைகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே வேலை செய்யாதவை. உறைகுளிரைத் தாங்குகிற வகை வேண்டுமென்றால் சென்னைக்குச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நுரைச் சுவரில் துளை போட்டுக் கேபிளை இழுத்து, குளிர் கசியாமல் அடைக்க வேண்டும். இதெல்லாம் தலைவலி என்று எனக்குள் ஒரு சோம்பல். பேனாவை எடுத்து மூன்றாவது வட்டத்தின் மேல் நானே கோடு போட்டேன்.

அந்த வாரமே இரண்டையும் மாட்டினேன், கோல்டு ரூம் வாசல் தெரிகிற மாதிரி கூடத்தில் ஒரு கேமராவும். நன்றாக வேலை செய்தது. முதலாளி ஒரு பை நிறைய இறால் கொடுத்தனுப்பினார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. குரலே அவர் குரலாக இல்லை. "தம்பி, ஒடனே வாங்க. போலீஸ் வந்திருக்காங்க. கேமரா பதிவு கேக்குறாங்க" என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் போன் கைமாறி, இன்ஸ்பெக்டர் பேசினார்.

நான் போனபோது பிரிப்புக் கூடம் காலியாக இருந்தது. அந்த அண்ணன் முந்தின நாள் கோல்டு ரூமுக்குள் இறந்துவிட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். எனக்கு முதலில் புரியவில்லை. கம்ப்ரஸரில் ஏதாவது மின்சாரம் பாய்ந்ததா என்று கேட்டேன். "இல்லங்க, கதவு சாத்திக்கிச்சு" என்றார்.

கேமராப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் இன்ஸ்பெக்டரும் முதலாளியும் நின்றார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு ஓட்டினேன். கோல்டு ரூம் கதவுக்கு உள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கம்பி உண்டு. பனி படிந்து அது இறுகிப்போய் ரொம்ப நாளாயிற்று. அதனால் உள்ளே வேலை இருந்தால் கதவு மூடாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இடுக்கில் வைப்பார்கள். அவர் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போவது தெரிந்தது. சற்று நேரத்தில் கூடத்தில் இருந்தவர்கள் கலைகிறார்கள். ஜும்ஆ நேரம். சிலர் பள்ளிவாசலுக்கு, சிலர் சாப்பாட்டுக்கு. கடைசியாக முதலாளி வெள்ளை ஜிப்பாவில் அலுவலகத்திலிருந்து வருகிறார். கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பெட்டியைக் காலால் ஒதுக்குகிறார். கதவைச் சாத்திவிட்டு, பூட்டுக் கொக்கி விழுந்ததா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்.

எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. முதலாளி உட்கார்ந்துவிட்டார். "நாந்தானா?" என்றார். அதுவரை அவருக்கே அது நினைவில் இல்லை. குளிர் வீணாகிறதே என்று தினமும் சாத்துகிற கதவு. கை தானாகச் செய்த காரியம்.

திரையில் வெறும் கதவு. நான் ஓட்டிக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரத்துக்கு அந்தக் கதவு மட்டும் தெரிந்தது. ஒரு பூனை வந்து அதன் எதிரே படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து போயிற்று. இரண்டே முக்காலுக்கு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு போனை என் முன்னால் வைத்தார். இறந்தவருடையது. "இதுல எனக்கு ஒண்ணு வெளங்கல. இவரு மெசேஜ் டைப் பண்ணினது பன்னெண்டே முக்காலுக்கு மேல. ஆனா சம்சாரத்துக்கு எல்லாம் மொத்தமா ரெண்டு அம்பதுக்குத்தான் போயிருக்கு. அந்த நேரத்துல இவரு உயிரோட இல்ல. அப்ப யாரு அனுப்புனா?"

எனக்கு உடனே புரிந்தது. உள்ளே சிக்னல் இல்லை. அவர் எழுதியதெல்லாம் போகாமல் போனிலேயே காத்துக் கிடந்திருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, சட்டைப் பையில் இருந்த போன் அலுவலகச் சுவரில் நான் மாட்டிய ஆக்சஸ் பாயிண்டைப் பிடித்துக்கொண்டது. காத்திருந்த மெசேஜ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகப் போய்விட்டன.

இதை இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். அந்த வைஃபையைப் பார்த்துக்கொள்ள என் போனில் வைத்திருந்த கணக்கிலிருந்து பதிவையும் எடுத்துக் காட்டினேன். எந்தப் போன் எப்போது இணைந்தது, எப்போது விட்டுப் போனது என்று அதில் இருக்கும். அவர் போன் பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கு விட்டுப்போய், இரண்டு நாற்பத்தொன்பதுக்குத் திரும்ப இணைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். உள்ளே ஏன் சிக்னல் இல்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மெசேஜ்களைப் பதிவுக்காக நான்தான் படமெடுத்துக் கொடுத்தேன், அதனால் படிக்காமல் இருக்க முடியவில்லை. முதலாளிக்கு: "பாய் கதவு மூடிருச்சு. உள்ள இருக்கேன்." மனைவிக்கு: "கோல்டு ரூம்ல மாட்டிக்கிட்டேன். பாய்க்கு போன் பண்ணி தொறக்க சொல்லு." அப்புறம் அதையே இரண்டு முறை, நடுவில் குரலாகப் பதிந்த ஒன்று; அதை நான் தொடவில்லை. கடைசி மெசேஜில் எழுத்துகள் குழம்பியிருந்தன. விரல் விறைத்திருக்கும்.

அதற்குக் கீழே மனைவி அனுப்பிய பதிலும் இருந்தது. "பாய் எடுக்க மாட்டேங்குறாரு. திரும்ப அடிக்கிறேன். பயப்படாத."

அவள் முதலாளியை மறுபடி கூப்பிட்டபோது அவர் எடுத்திருக்கிறார். முற்றத்தில் உடம்பைப் போட்டு எல்லோரும் கையையும் காலையும் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். "அவரு உள்ள மாட்டிக்கிட்டாராம் பாய், சீக்கிரம் தொறந்து விடுங்க, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு" என்று போனில் கத்தியிருக்கிறாள்.

கம்பெனியை மூடி வைத்தார்கள். வழக்கு ஆயிற்று. முதலாளி சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

நான் கடையைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வைஃபை வேலை வந்தால் கை ஓடவில்லை. தாளில் வட்டம் போட்டால் அந்தக் கோடும் தெரிந்தது. பழைய தாள் கோப்பில்தான் இருந்தது. கிழித்துப் போடலாம் என்று எத்தனையோ முறை எடுத்து, திரும்ப வைத்தேன். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டு, கையில் எடுத்த சோற்றைக் கீழே போட்டேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

எட்டு மாதம் போயிற்று. அனுமதி கிடைத்து, பிரிப்புக் கூடத்தை மட்டும் திறந்தார்கள். அங்கே மாட்டியவை சரியாக ஓடுகின்றனவா என்று கடையிலிருந்தே என் போனில் பார்த்துக்கொள்ள முடியும். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அப்படிப் பார்த்தேன். இணைந்திருக்கும் போன்களின் வரிசையில் அந்த அண்ணனின் பெயர் இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

பெயர் ஒன்றாக இருக்கலாம் என்று போனின் அடையாள எண்ணைப் பார்த்தேன். அதே எண். போலீஸில் எழுதிக் கொடுத்த அதே பன்னிரண்டு எழுத்து. கடையை அப்படியே பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். மீமிசல் போய்ச் சேரும்வரை வழியில் எதையும் பார்த்த நினைவில்லை.

கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி மட்டும் புதிது. ரப்பர் கையுறையோடு இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய சின்னப் பையிலிருந்து ஒரு போன் பாதி தெரிந்தது. மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் யார் என்று கேட்டேன். "கோல்டு ரூம்ல போனாரே, அவரோட சம்சாரந்தான். போன வாரத்துலேருந்து வருது" என்றாள்.

எதுவும் பேசாமல் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டீ நேரத்தில் அவளே என்னிடம் வந்தாள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்திருக்கிறாள்.

"நீங்கதானே வைஃபைக்காரரு?"

"ஆமாம்மா."

"எம் போனு ஒடஞ்சிருச்சு. போலீஸ்ல திருப்பிக் குடுத்ததும் அவரு போனத்தான் வச்சிருக்கேன். இங்க வந்ததும் அதுவா ஒட்டிக்கிச்சு, பாஸ்வேர்டு கூட கேக்கல."

அது முன்பே பதிந்திருக்கும் என்றேன். இங்கே வேலைக்கு வருவது எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"எல்லாரும் ஏசுறாங்க, அந்த எடத்துக்கு எப்படிப் போறேன்னு. வேற எங்கிட்டுப் போனாலும் அதே நெனப்புதான் வருது. இங்க வந்தா அவரு நின்ன எடமாச்சும் கண்ணுல படுது." கோல்டு ரூம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உள்ள வைஃபை இருந்திருந்தா அந்த மெசேஜு அப்பவே வந்திருக்குமாண்ணே?"

எட்டு மாதமாக என்னை யாரும் கேட்காத கேள்வி.

"வந்திருக்கும்" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. அவர் உள்ளே ஒன்று மாட்டச் சொன்னதையும், நான் தாளில் வரைந்ததையும், பிறகு நானே அடித்ததையும் சொன்னேன். முதலாளி சொன்னதால்தான் என்று ஆரம்பித்து, இல்லை, எனக்கும் சோம்பலாக இருந்தது என்று முடித்தேன்.

அவள் அடிப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ, ஓரடி பின்னால் நகர்ந்திருந்தேன். அவள் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"அன்னிக்கு நான் போன வீட்டுல சார்ஜுல போட்டுட்டு நூறு நாள் வேலைக்குப் போயிட்டேன்" என்றாள். "ரெண்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்பவே வந்திருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டேன். இத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை. அவள் நிம்மதி தரச் சொன்னதும் இல்லை. டீ நேரம் முடிந்து மணி அடித்தது.

நான் நேராக அலுவலகத்துக்குப் போனேன். முதலாளி பாதியாகியிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கோல்டு ரூமைத் திறக்க அனுமதி வரப்போகிறது, அதற்குள் எல்லாம் சரி செய்ய வேண்டும் என்றார்.

"வைஃபை ரெண்டாவது பாய். மொதல்ல அந்தக் கதவு. உள்ளேருந்து தொறக்குற கம்பிக்கு ஹீட்டர் வைக்கணும், பனி பிடிக்கக் கூடாது. உள்ள ஒரு பட்டன், அமுக்குனா வெளியில சைரன் அடிக்கணும். அது ரெண்டும் இல்லாம நான் கேபிள் இழுக்க மாட்டேன்."

"எது வேணுமோ போடுங்க தம்பி" என்றார். திறந்து கிடந்த அலுவலகக் கதவைப் பார்த்தபடி, "நான் இப்பல்லாம் எந்தக் கதவையும் சாத்துறதில்ல. வீட்டுல பாத்ரூம் கதவக்கூட" என்றார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. மைனஸ் முப்பது வரை தாங்கும் வகையைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பனி உள்ளே புகாதபடி நாலு பக்கமும் அடைத்தது. குளிர்க்காற்று வீசும் விசிறிக்கு எதிரே வைத்தால் பனி மூடிவிடும் என்பதால் கதவுக்கு மேலே இடம் பார்த்தேன். சுவர்த் துளையை நுரையால் இரண்டு தடவை அடைத்தேன். கரண்ட் போனாலும் நான்கு மணி நேரம் நிற்கிற மாதிரி தனி பேட்டரி. இத்தனையும் முதல் நாளே தேர்ந்தெடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை.

மாட்டி முடித்ததும் சோதனை செய்ய ஒருவர் உள்ளே போக வேண்டும். நான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள். "நான் போறேன்" என்றாள். முதலாளி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கேட்கவில்லை. தடித்த கோட்டைப் போட்டுவிட்டோம். அவள் உள்ளே போனாள். கதவை மூட வேண்டும். முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் மூடினேன். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

என் போன் அதிர்ந்தது. திரையில் அந்த அண்ணனின் பெயர். கீழே ஒரே வார்த்தை: "வருதா".

வருது என்று எழுத எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் சைரன் அலறியது. அவள் பட்டனை அமுக்கியிருக்கிறாள். உடனே கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டு, என் கையை இடித்துக்கொண்டு திறந்தது. புருவத்தில் பனியோடு வெளியே வந்து நின்று, "மூணும் வேலை செய்யுது" என்றாள்.

அன்று கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

"இன்னொண்ணு கேக்கணும். அவரு பேசி அனுப்புன மெசேஜு ஒண்ணு இதுல இருக்கு. பதினொரு செகண்டு. போலீஸ்ல அதப் போட்டுக் கேட்டாங்க, என்னன்னு எங்கிட்ட சொல்லல. எனக்குத் தொட தைரியம் வரல. அவரு ஏதாச்சும் சொல்றாரான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

போனை வாங்கிக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். சாலையில் ஒரு மீன் வண்டி போயிற்று. அது போகும்வரை காத்திருந்து தொட்டேன். விசிறியின் இரைச்சல். ஏதோ பெட்டி இழுபடும் சத்தம். யாரோ மூச்சை இழுத்துப் பேசத் தொடங்குகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு முடிந்துவிட்டது. மறுபடி கேட்டேன். அதேதான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். உன் பெயரைச் சொன்னார் என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"பேச்சு இல்லம்மா. பேச வர்ற மாதிரி இருக்கு, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "அப்ப என்னமோ சொல்ல நெனச்சிருக்காரு" என்றாள். அறந்தாங்கி பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகும் வண்டியைக் கிளப்பாமல் நான் அங்கேயே நின்றேன், காதில் அந்த விசிறிச் சத்தத்தோடு.